மலை தாண்டி கடலுக்குப் போற ரூட் போட்டு ஷேர் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

சைக்கிள்ல டென்ட்டையும் பையையும் கட்டிக்கிட்டு நாலஞ்சு நாள்ல மலையைக் கடந்து கடற்கரையில போய் இறங்குற மாதிரி ரூட் போட்டு, அதை ஜிபிஎக்ஸ் ஃபைலா (போன்லயோ ஜிபிஎஸ்லயோ போட்டா ரூட்டைக் கோடா காட்டுற ஃபைல்) எல்லாருக்கும் சும்மாவே கொடுக்கறீங்க பாருங்க, உங்களுக்குத்தான் இதை எழுதறேன். முதல்ல மனசார நன்றி. நீங்க இல்லேன்னா என்னை மாதிரி பல பேர் இன்னும் ஹைவேயில லாரிங்களுக்கு நடுவுலதான் மிதிச்சுட்டு இருப்போம். ஆனா ஒண்ணு கேக்கணும். வெறும் கோட்டை மட்டும் கொடுக்காதீங்க. அந்த ரூட்டை எந்த வருஷம் எந்த மாசம் ஓட்டுனீங்க, எங்க இறங்கித் தள்ளுனீங்க, தண்ணி எங்க கிடைச்சுது, இல்ல ஓட்டவே இல்லாம ஸ்கிரீன்ல பாத்து வரைஞ்சதுதானா, இதையும் சேத்து எழுதுங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒருத்தர் போட்ட ரூட்டை நம்பி ஒரு தடவை போனோம். கணவாய்க்குக் கொஞ்சம் கீழ, மேப்ல அழகா ஒரு டிராக், பக்கத்துல "நல்ல கிராவல், ஓட்டலாம்"னு குறிப்பு வேற. நேர்ல போய்ப் பாத்தா முழுக்க கல்லுச் சரிவு. ஒரு கை ஹேண்டில்பார்ல, ஒரு கை சீட்டுல, முன் வீல் ரெண்டு கல்லுக்கு நடுவுல போய் மாட்டிக்கும், அதைத் தூக்கி எடுத்து வெச்சா பின்னாடி பை பாறையில உரசும், காலுக்குக் கீழ இருக்கற கல்லு நழுவும், திரும்ப முதல்ல இருந்து. இருட்டறதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்க முடியல, கூட வந்தவங்க ஈர டிரஸ்ஸோட நடுங்கிட்டு உக்காந்திருந்தாங்க. 1000 மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும், கீழ வெயில் கொளுத்துனாலும் மேல ராத்திரி வேற கதை. ரூட் போட்டவர் அங்க போயிருக்கவே மாட்டாருன்னுதான் எனக்குத் தோணுது.

இதுல சாஃப்ட்வேர் பண்ற வேலையும் உங்களுக்குத் தெரியும். நாம யூஸ் பண்ற முக்காவாசி பிளானர் (ரூட் போட்டுக் கொடுக்கற ஆப்) ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற, யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய பொது மேப்போட டேட்டாவுல ஓடுது. அதுல பாதையோட சர்ஃபேஸ், டிராக் கிரேடு 1ல இருந்து (கெட்டியான பாதை) 5 வரைக்கும் (மெத்துனு இருக்கற மண் பாதை)னு போட இடம் இருக்கு, ஆனா மலை உச்சியில இருக்கற பாதைக்கு யாரும் எதுவும் போடாமயே விட்டிருப்பாங்க, பிளானர் ஏதோ ஒரு கணக்குல கோட்டை இழுத்துடும். ஏத்தக் கணக்கும் அப்படித்தான். நிறைய ஆப்ல இருக்கற உயர டேட்டா 2000 பிப்ரவரியில எண்டெவர்ங்கற விண்வெளி ஷட்டில்ல இருந்து ரேடார் வெச்சு எடுத்ததுல இருந்து வருது, அதுல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், செங்குத்தான பள்ளத்தாக்குல பாதை ஒரு பக்கம் புள்ளி ஒரு பக்கம்னு விழும். டனல் வழியா போற ரோட்டை மலை மேல ஏறி இறங்குற மாதிரி காட்டும். அதனால ஒரே ஃபைலை ரெண்டு ஆப்ல போட்டா நூத்துக்கணக்கான மீட்டர் வித்தியாசம் வரும். ஆப் சொன்ன நம்பரை மட்டும் போடாம, அந்த ஏத்தத்துக்கு உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு போட்டா அதுதான் நாள் பிரிக்கறதுக்கு உதவும். தள்ளிட்டு நடக்கற இடத்துக்கு 1892ல நெய்ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு (5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம்) கூட பத்தாது, அது நடக்கறவங்களுக்குப் போட்டது, லோடு சைக்கிளோட போறவங்களுக்கு இல்ல.

தேதி ஏன் கேக்கறேன்னா ஒரு உதாரணம். ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க்ல இருந்து இத்தாலி கடற்கரையில கிராடோ வரைக்கும் போற ஆல்ப்-அட்ரியா ரூட், 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, மலை தாண்டி கடலுக்குப் போறதுக்கு முதல் தடவை கிளம்பறவங்களுக்கு நான் சொல்ற ரூட் அதுதான். அதுல பெரிய மலையை டனல் வழியா டிரெயின்லதான் தாண்டணும். அந்த டனலை 2024 நவம்பர்ல மூடினாங்க, 2025 ஜூலையிலதான் திறந்தாங்க. அந்தச் சமயத்துல பழைய ஃபைலை இறக்கிட்டுப் போனவங்க என்ன பண்ணியிருப்பாங்க? அதே ஆஸ்திரியாவுல காட்டு ரோட்டுல ஓனர் அனுமதி இல்லாம சைக்கிள் ஓட்டக்கூடாது, ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி பொறுப்பா ஓட்டினா பெரும்பாலும் எங்கயும் போலாம். மேப்ல ரெண்டும் ஒரே மாதிரி கோடுதான். அனுமதி இருக்கா இல்லையான்னு ஒரு வரி எழுதுறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?

கடைசி நாளைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா எல்லாரும் கோட்டை விடறது இங்கதான். "இனிமே இறக்கம்தான், ஈஸி"ன்னு 120 கிலோமீட்டர் போட்டு வெச்சிருப்பீங்க. கணவாய்ல இருந்து கடல் வரைக்கும் நேரா சரியுற மலை ரொம்பக் கம்மி, நடுவுல ஆறு அறுத்த பள்ளம், திரும்ப ஒரு மேடு, திரும்ப பள்ளம். அதுக்கு மேல காத்து. பகல்ல மலை சூடாக ஆக காத்து பள்ளத்தாக்குல கீழ இருந்து மேல வீசும், கடல் பக்கம் வந்தா மத்தியானம் கடல் காத்து கரைக்குள்ள வீசும். ரெண்டுமே நாம போற திசைக்கு எதிர்க் காத்து! சமவெளியில மிதிச்சாலும் வண்டி நகராது. விடியக் காலையில கிளம்பி மத்தியானத்துக்குள்ள முடிக்கற மாதிரி அந்த நாளைச் சின்னதா வெச்சா பாதித் தொல்லை இல்ல. லோடோட நீளமான இறக்கம்ங்கறதால பிரேக் பேடையும் குறிப்புல சொல்லுங்க, மழையும் சேறும் சேந்தா ரெசின் பேடு (மெதுவான வகை பிரேக் பேடு) ஒரே நாள்ல தேஞ்சு போகலாம், ஸ்பேர் ஒரு செட் வேணும்.

தண்ணிக்கு, மேப்ல நீலக் கோடு இருந்தா ஓடை இருக்குன்னு எழுதிடாதீங்க, கோடை கடைசியில வத்திப் போற ஓடை நிறைய. நீங்க பாட்டில் நிரப்புன இடத்தை மாசத்தோட குறிங்க. அப்புறம் ஒவ்வொரு கணவாய்க்கும் முன்னாடி, வானிலை கெட்டா கீழ இறங்கி பஸ்ஸோ டிரெயினோ பிடிக்கற மாதிரி ஒரு வழி.

இவ்ளோவும் ஒரே நாள்ல எழுத முடியாதுன்னு தெரியும். முதல்ல ரெண்டு விஷயம் போதும்: ஃபைல் பேர்லயே ஓட்டுன வருஷம், மாசம். ஓட்டாத பகுதி இருந்தா அதைத் தனி கலர்ல தனி டிராக்கா பிரிச்சுப் போடுங்க. ஓட்டிட்டு வந்த எங்களை மாதிரி ஆளுங்க சர்ஃபேஸ் டேக்கை ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல திருத்தறோம், தள்ளுன இடத்தைக் குறிச்சு உங்களுக்கே அனுப்பறோம். வாங்கி ஃபைல்ல சேத்து, திரும்ப ஏத்துங்க.