படகின் முதுகில் எந்த ஊர்?

சேலம், மசாசூசெட்ஸ்
(மாம்பழம் இல்லாத சேலம்)
சித்திரைக் கடைசி

அன்பு மச்சான்,

உன் தைப்பொங்கல் கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் இந்தப் பந்தியோடு திட்டி முடித்துவிடு. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அக்கா சொன்னாள், நிம்மதி. நீ கேட்ட மூட்டுவலித் தைலத்தை ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நான் நலம், என் சர்க்கரை என்னைவிட நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். படகு வாங்கிவிட்டேன்.

ஊரிக்காட்டு வள்ளத்தை நினைத்து நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. அன்று அதைக் கவிழ்த்தவன் நான் இல்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன், நீயும் மூக்குப்பொடி மாஸ்டரும் நம்பியதே இல்லை. இது அப்படிப்பட்ட வள்ளம் அல்ல. முப்பத்திரண்டு அடி, ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், படுக்க இடம், தேத்தண்ணீர் வைக்க ஓர் அடுப்பு. நாற்பது வயது தாண்டிய படகு என்பதால் மகளின் ஒரு தவணைப் படிப்புச் செலவைவிட மலிவாகக் கிடைத்தது. விற்றவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். படகுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'டூத் ஃபெர்ரி'. இங்கே பிள்ளைகள் விழுந்த பல்லைத் தலையணைக்குக் கீழே வைப்பார்கள், இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகுமாம். அந்தத் தேவதை 'ஃபேரி', படகு 'ஃபெர்ரி'. இதைச் சொல்லிவிட்டு அவர் ஐந்து நிமிடம் சிரித்தார். கூரையில் பல்லை எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்ட பரம்பரை நான். மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

அந்தப் பெயரை உரித்தெடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. குளிர்காலத்தில் இங்கே படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். என்னுடையதும் இன்னும் இரும்புக் கால்களில்தான் நிற்கிறது. ஏணி வைத்து ஏறி, உன் தங்கையின் தலைமுடி உலர்த்தியால் ஒவ்வோர் எழுத்தாகச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் சுரண்டியை மெல்ல நுழைத்தால், அனலில் வாட்டிய அப்பளம்போல ஓரம் சுருண்டு எழுந்து வரும். அவசரப்பட்டால் நகக்கண் அளவுத் துண்டுகளாக நொறுங்கும். எல்லாவற்றையும் உரித்து, பசையைத் துடைத்து, இறங்கித் தள்ளி நின்று பார்த்தால் டூத் ஃபெர்ரி அப்படியே இருக்கிறது! எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புது வெள்ளை, சுற்றிலும் மங்கிய பழைய வெள்ளை. சுவரில் வருடக்கணக்காக மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் தெரியுமே, அந்த மாதிரி. மூன்று தரம் மெருகுப் பசை போட்டுத் தேய்த்தேன். இன்றைக்கும் மாலை வெயில் சாய்ந்து விழும்போது பல் வைத்தியர் எட்டிப் பார்க்கிறார்.

இங்குள்ள மாலுமிகள், படகுகளின் பெயரையெல்லாம் கடல் தேவன் ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்கிறார்கள். சொல்லாமல் மாற்றினால் அவனுக்குக் கோபம் வருமாம். பழைய பெயர் உள்ள பொருள் ஒன்றுகூடப் படகில் இருக்கக்கூடாது, பிறகு ஷாம்பெயின் ஊற்றிப் புதுப் பெயரை அறிவிக்க வேண்டும். நான் தேடித் தேடி மிதவை வளையம், சாவிக்கொத்து, நான்கு கோப்பிக் கோப்பைகள் வரை அகற்றிவிட்டேன். ஷாம்பெயினுக்குப் பதில் தேங்காய் உடைப்பதாக உத்தேசம். படகுத்துறைக் காவலாளியிடம் சொன்னேன். உடைத்ததைக் கடலில் எறியாமல் இருந்தால் சரி என்றான். கடல் தேவன் இதற்கு என்ன சொல்வான் என்று தெரியாது. நம் அம்மனுக்குப் போதும்.

இதுவரை விளையாட்டு. இனிமேல்தான் தொல்லை.

இங்கே படகைப் பதிய இரண்டு வழி. ஒன்று, மாநிலத்தில் பதிந்து அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், இரு பக்கமும் எண் எழுதுவது. நம் கரையில் மீன்பிடிப் படகுகளின் எண் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எஃப்.என். என்று முடியுமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. மற்றது, நடுவண் அரசின் ஆவணப் பதிவு. கடலோரக் காவல்படைதான் அதைக் கவனிக்கிறது. அதற்கான அலுவலகம் எங்கே என்று நினைக்கிறாய்? கடல் வாடையே அடிக்காத மேற்கு வர்ஜீனியாவில், ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற ஊரில். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், படகு குறைந்தது ஐந்து நிகர டன் இருக்க வேண்டும். 'ஐந்து டன் எடையா?' என்று பயந்துபோனேன். இந்த டன் எடை அல்ல, உள்ளே உள்ள கொள்ளளவாம். இப்படிப் பதிந்த படகுக்கு அணியத்தில் எண் வேண்டாம். அதற்குரிய எண்ணை உள்ளே, அழித்தால் தெரிந்துவிடும்படி, மூன்று அங்குல உயரத்தில் பொறிக்க வேண்டும். வெளியே பெயரும் ஊரும் மட்டும். இரண்டும் ஒரே இடத்தில், குறைந்தது நான்கு அங்குல எழுத்தில்.

பெயரும் ஊரும்! நான் மயங்கியது அந்த இடத்தில்தான். கப்பலுக்கு இருக்கிற மாதிரி, முதுகில் தன் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு என் படகும் போகும். என்ன ஊர் என்பதில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் கீழே 'வல்வெட்டித்துறை' என்று போட்டுவிடுவது. துறைமுகத்தில் யாராவது வாசித்துவிட்டு 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்க வேண்டும், நான் கையைக் கிழக்கே நீட்ட வேண்டும். மனதுக்குள் பல தடவை நீட்டியும் பார்த்துவிட்டேன்.

பிறகுதான் விதியை வாசித்தேன். ஊர் அமெரிக்காவில் இருக்க வேண்டும், மாநிலத்தின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். படகு அங்கேதான் நிற்க வேண்டும் என்றில்லை. அங்கே கடல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வயல்களுக்கு நடுவே கிடக்கும் அயோவா ஊர் ஒன்றை எழுதலாம். நான் கால்வைத்தே இராத ஊரை எழுதலாம். பிறந்த ஊரை எழுத முடியாது.

சின்ன விஷயம்தான், தெரிகிறது. ஆனால் அன்று இரவு படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு எழும்ப மனமில்லாமல் இருந்தேன், மச்சான். கடவுச்சீட்டு மாறியபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை, காரியம் முடிந்தது என்றுதான் இருந்தது. ஊரில் புது ஆளைக் கண்டால் நாம் முதலில் கேட்பது 'எந்த ஊர்?' என்றுதானே, பெயரைப் பிறகுதான் கேட்போம். அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. முதல் தடவையாக ஒரு படிவம் கேட்டு, நான் சொல்ல வந்த பதில் செல்லாது என்றது. உன் தங்கை வந்து பார்த்துவிட்டு, 'படகுக்குத்தானே கேட்கிறார்கள், உங்களிடமா கேட்டார்கள்?' என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ஊரையே பெயராக வைத்துவிட்டால்? பெயர் முப்பத்துமூன்று எழுத்துக்குள், இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். ஆபத்தில் உதவி கேட்கும் சொல்லாகவோ ஆபாசமாகவோ இருக்கக்கூடாது. மற்றபடி உன் இஷ்டம். வல்வெட்டித்துறை ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்துத்தான். ஆனால் யோசனை சொன்னவளே அதைக் கொன்றும்விட்டாள்: "அப்பா, அவசரத்தில் வானொலியில் கூப்பிடும்போது படகின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். நீங்கள் மூன்றாவது வல்வெட்டித்துறையைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் மூழ்கிவிடுவோம்."

அன்றிரவுதான் உன் அப்பப்பா நினைவுக்கு வந்தார். திண்ணையில் சாய்ந்துகொண்டு, 'வெள்ளைக்காரன் கப்பலையும் வாங்கினான், பேரையும் மாத்தினான்' என்று முடிப்பாரே, அதே கதை. அன்னபூரணி. நம் கரையில் வேப்பமரத்தில் கட்டிய 89 அடிக் கப்பல், இரண்டு பாய்மரம். அதை வாங்கிய வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதற்கு முன்பே, 1928 முதல் 1931 வரை, ஒரு சின்னப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அந்தப் படகும் என்னுடையதைப் போல முப்பத்திரண்டு அடி! அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்வாப்'. சமஸ்கிருதம், கனவு என்று பொருள் கொண்டாராம். அமெரிக்கப் படகுக்குச் சமஸ்கிருதப் பெயர் வைத்த அதே மனிதர், அன்னபூரணியை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார்: ஃப்ளோரன்ஸ் சி. ரொபின்சன். நம் ஆட்களும் சேர்ந்து சுயஸ் வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, 1938 ஓகஸ்ட்டில் குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள்.

குளொஸ்டர் என் வீட்டிலிருந்து அரை மணித்தியாலக் கார்ப் பயணம், மச்சான். இத்தனை வருடம் அங்கே மீன் சாப்பிடத்தான் போயிருக்கிறேன். அந்த ஃப்ளோரன்ஸின் தகப்பனார் கட்டிய மாளிகை பக்கத்து இப்ஸ்விச்சில் இருக்கிறது. கோடையில் வரும் விருந்தாளிகளை அங்கே கூட்டிக்கொண்டுபோய்ப் புல்வெளியில் படம்கூட எடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

படிவத்தை எடுத்து எழுதினேன். பெயர்: அன்னபூரணி. ஊர்: குளொஸ்டர், மசாசூசெட்ஸ். பெயரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்த துறைமுகத்துக்கு அந்தப் பெயரோடேயே போய் நிற்கட்டும் என்று நினைத்தேன். மயிர்க்கூச்செறிந்தது, உண்மை.

உன் தங்கையிடம் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மனிதன் பெண்சாதியின் பெயரை வைத்தான் என்றா இத்தனை கோபம்? இருபத்தைந்து வருடத்தில் நீங்கள் என் பெயரை ஒரு வாளிக்காவது வைத்தீர்களா?" என்று கேட்டாள். படகின் பின்னால் கட்டி இழுக்கும் குட்டி ரப்பர்ப் படகுக்கு அவள் பெயரை வைக்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் இடியப்பம் இல்லை.

அமெரிக்கர்கள் இந்தப் பெயரை என்ன பாடு படுத்துவார்கள் என்று கேட்பாய். படுத்தட்டும். 'குளொ-செஸ்-டர்' என்று வாசிக்கும்படி எழுதிவிட்டுக் 'குளொஸ்டர்' என்று சொல்கிற ஊர்க்காரர்களுக்கு அன்னபூரணியைக் குறைசொல்ல வாயில்லை.

படிவத்தில் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை. போன ஞாயிறு குளொஸ்டருக்குப் போனேன். கடற்கரையோரம், சுக்கானைப் பிடித்தபடி ஒரு மீனவர் வெண்கலத்தில் நிற்கிறார். சுற்றிலும் அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள், வருடம் வருடமாக. ஐயாயிரத்துக்கு மேல். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. வாசித்துக்கொண்டே போனவனுக்கு ஓரிடத்தில் நம் பெரியப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவர் போன நாளாவது நம் வீட்டில் யாருக்காவது தெரியுமா? மழை நாள் என்று மாமி சொல்வாள், அவ்வளவுதான். நம் கரையில் போய்த் திரும்பாதவர்களை யார் எழுதி வைத்தது? அன்னபூரணியில் வந்த வல்வைக்காரர்களின் வீட்டில் அந்த ஒன்றரை வருடம் எப்படிக் காத்திருந்திருப்பார்கள்? அவர்கள் அத்திலாந்திக்கைக் கடந்த கப்பலின் பெயர் அது. நான் சனிக்கிழமைகளில் காற்று நன்றாக இருந்தால் மட்டும் வெளியே போய், பாண் கடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பப்போகிற ஆள். இந்த பிளாஸ்டிக்கின் முதுகில் அந்தப் பெயரை ஒட்டினால் ஊரில் பெரியவர்கள் சிரிப்பார்களா, கோபிப்பார்களா? கப்பலோட்டிய தண்டையல்மார் குடும்பத்தில் யாரையாவது கண்டால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல். 'வேண்டாம்' என்றால் வைக்க மாட்டேன். மாசி, மாலதி என்று எதையாவது வைத்துக்கொள்கிறேன்.

'வை' என்றால் உனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. வெளியே இலத்தீன் எழுத்துத்தான். உள்ளே, படியிறங்கும் வாசலுக்கு மேலே, ஒரு பலகைக்கு இடம் இருக்கிறது. அங்கே எதை எழுதினாலும் கேட்பாரில்லை. பெயரும் ஊரும் தமிழில். நீதான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிப் பதாகைகளில் எழுதிய அதே கை, வட்டம் பெரிதாக, கால் நீளமாக. தாளில் எழுதி அனுப்பு, இங்கே மரத்தில் வெட்டிக்கொள்கிறேன். பலகை இரண்டடி நீளம், ஐந்து அங்குல அகலம். கீழ் வரியில் குளொஸ்டர் வேண்டாம், அங்கே நம் ஊரைப் போடு.

வைகாசி நடுவில் படகு தண்ணீரில் இறங்குகிறது, அதற்குள் வந்து சேர வேண்டும். இன்னொன்று: 'அன்ன'வில் இரண்டு சுழி, 'ரணி'யில்தான் மூன்று சுழி. கந்தையரின் வள்ளத்துக்கு நீ எழுதிக்கொடுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தாளும் மறந்திருக்க மாட்டார்.

அன்புடன்,
உன் மச்சான்