காலைப் பத்தும் இரவுப் பத்தும் பத்து மணிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இயந்திரக் கைக்கடிகாரங்களைச் சேகரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வாங்குமுன் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. நிறுத்துக்கடிகாரம் போல ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்யத்துக்குத் திருப்பும் வசதி மட்டும் கொண்ட க்ரோனோகிராஃபுக்கு அது சரி. கிழமை, தேதி, மாதம் ஆகிய மூன்றையும் காட்டும் நாள்காட்டி அமைப்பும் சேர்ந்த க்ரோனோகிராஃபில் அப்படிச் செய்தால், நல்ல நிலையில் இருந்த கடிகாரம் சோதித்தவர் கையிலேயே பழுதாகக்கூடும்.

சுவிஸ் நிறுவனமான வால்ஜூ தயாரித்து 1940களில் வந்த வால்ஜூ 72சி, நிலவின் பிறைகளையும் காட்டும் வால்ஜூ 88 போன்ற கடிகார இயந்திரங்களில், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தில் உள்ள ஒரு விரல், நள்ளிரவு நெருங்கும்போது தேதிச் சக்கரத்தின் பல்லைப் பற்றித் தள்ளும். பொதுவாக இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை இந்தப் பிடி இருக்கலாம் என்று கொள்வது பாதுகாப்பானது. அந்நேரத்தில் உறையின் பக்கவாட்டில் தேதியை மாற்ற உள்ள திருத்தப் பொத்தானை அழுத்தினால், ஒரே சக்கரத்தை இரு பக்கமிருந்தும் இழுத்ததாகிவிடும். விரல் வளையும் அல்லது பல் முறியும். இத்தகைய உதிரிகள் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் இன்னொரு பழைய இயந்திரத்தைப் பிரித்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஏமாற்றுவது பகலும் இரவும் ஒரே மாதிரி தெரியும் 12 மணி முகப்புதான். விற்பனைக்கு வைக்கும் கடிகாரங்களின் முட்களைப் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்திவைப்பது வழக்கம். அது காலைப் பத்தா, இரவுப் பத்தா என்பது உள்ளிருக்கும் சக்கரத்துக்கு மட்டுமே தெரியும். நான் முதன்முதலில் வாங்கிய 72சி கடிகாரத்தை, காலைப் பத்து மணி என்ற நம்பிக்கையில் அழுத்தித்தான் கெடுத்தேன். கடிகாரத்தின் கணக்கில் அது இரவுப் பத்து மணி.

எனவே முதலில் முட்களை முன்னோக்கி மெதுவாகத் திருப்ப வேண்டும். தேதி மாறிவிட்டால் நள்ளிரவு கடந்தது என்று பொருள். அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே திருத்தப் பொத்தான்களைத் தொட வேண்டும். அவற்றை மரப் பல்குச்சியால் அழுத்துவது நல்லது. இரும்பு ஊசி உறையில் கீறல் போடும்.

சேகரிப்பவர்க்கு இது ஒருநாள் வேலையும் அன்று. எளிய நாள்காட்டிக்கு எல்லா மாதமும் 31 நாள் என்பதால், ஆண்டுக்கு ஐந்து முறையாவது தேதியைத் திருத்தியாக வேண்டும். இவ்வேலை தேவைப்படாத நிரந்தர நாள்காட்டியை க்ரோனோகிராஃபுடன் சேர்த்து, 1941இல் சுவிஸ் நிறுவனமான பாட்டெக் ஃபிலிப் தொடர் தயாரிப்பாக வெளியிட்ட 1518 என்ற கடிகாரம் போன்றவை மிகச் சிலருக்கே கிட்டும்.

புதிதாக வண்ணம் பூசிய டயலைக் கட்டுரையாளர் புகழ்ந்திருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது தனி விவாதம். பொத்தான்கள் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்