புது ட்ரக்கோட வாற ரயரை நம்பி வின்ரருக்குள்ள இறங்காதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், புதுசா பிக்கப் ட்ரக் ஒண்டு எடுத்திருக்கிறன், நாலு வீல் டிரைவ், ரயரெல்லாம் புத்தம் புதுசு, இந்த வருசம் வின்ரர் ரயர் போடத்தான் வேணுமோ இல்லாட்டி அந்தச் செலவை அடுத்த வருசம் பாப்பமோ எண்டு. அதுக்குக் கீழ நீங்கள் போட்டிருந்தது "உங்கள் டீலரிடம் ஆலோசனை பெறவும்" எண்டு ஒரே ஒரு வரி. குறை நினைக்காதேங்கோ, டீலரிட்ட ஆலோசனை கேட்டுத்தான் நான் ஒரு ரிம்மையும் சில்லைத் திருப்பிற கம்பியான ஒரு டை ரொட்டையும் உடைச்சனான், அந்தக் கோவத்திலதான் இதை எழுதுறன், கொஞ்சம் நீளும்.

நான் ரொறொன்ரோவில, ஸ்காபரோவில இருக்கிறன், டைல்ஸ் பதிக்கிற வேலை, விடிய அஞ்சரைக்கே வெளிக்கிட்டா சில நாள் மார்க்கம், சில நாள் 400 ஹைவேயால ஏறி வடக்க பாரி, ஒரில்லியா எண்டு போறது. இப்ப வைச்சிருக்கிறது மூண்டாவது பிக்கப். இதை எடுக்கேக்க வின்ரர் ரயர் எவ்வளவு வரும் எண்டு நானாத்தான் கேட்டனான், அந்த சேல்ஸ் பெடியன் சிரிச்சுப்போட்டு "அண்ணை இது ஓல் சீசன் ரயர், எல்லாக் காலத்துக்கும் காணும், அதோட நாலு வீல் டிரைவ், உங்களுக்கு ஏன் அது" எண்டான், தமிழ்ப் பெடியன்தான், அவனும் அதை நம்பித்தான் சொன்னவன் எண்டு நினைக்கிறன். எனக்கும் காசு மிச்சம் எண்டு உள்ளுக்க சந்தோசம்.

டிசம்பரில ஒருநாள் பின்னேரம், ட்ரக் 6000 கிலோமீற்றர் கூட ஓடியிருக்காது. மத்தியானம் மழை தூறி பிறகு இருட்டேக்க குளிர் இறங்கி ரோட்டு உறைஞ்சு அதுக்கு மேல ஒரு விரற்கடை ஸ்னோ. விடிய போகேக்க பின்னால டைல்ஸ் பெட்டி, சீமெந்து மூட்டை எண்டு நல்ல பாரம், ட்ரக் கல்லு மாதிரி நிண்டது, திரும்பி வரேக்க ட்ரக்கின்ர பின்பெட்டி வெறுமை, அதை நான் யோசிக்கேல்லை. மோர்னிங்சைட் பக்கம் ஒரு சின்ன இறக்கத்தில ஸ்டொப் சைன், நாப்பதுக்குக் குறைவாத்தான் வந்தனான், பிரேக்கை மிதிச்சா சில்லு இறுகிப் பூட்டாமப் பாக்கிற ஏ.பி.எஸ் காலுக்குக் கீழ கடகட எண்டு அடிக்குது, ட்ரக் தன்ர பாட்டில போய்க்கொண்டிருக்கு, ஸ்டொப் சைனைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, மற்றப் பக்க நடைபாதை விளிம்புக் கட்டில ஏறித்தான் நிண்டது. ஒருத்தரும் குறுக்க வரேல்லை. அந்த மூலையிலதான் பின்னேரத்தில பெடியளை ஸ்கூல் பஸ் இறக்கிறது, அண்டைக்கு அந்த பஸ் போயிட்டுது, அவ்வளவுதான் என்ர அதிர்ஷ்டம்.

அதுக்குப் பிறகுதான் இந்த ரயர் விசயத்தைத் தோண்டித் தோண்டிப் பாத்தனான், எனக்குத் தெரிஞ்ச ஒரு கராஜ்காரரும் கனக்கச் சொல்லித்தந்தவர்.

முதல் விசயம், நாலு வீல் டிரைவ் எண்டது வெளிக்கிடத்தான் உதவி. பிரேக் எல்லா வாகனத்திலயும் நாலு சில்லிலயும்தான் இருக்கு, நிப்பாட்டேக்க ஒரு சின்னக் காருக்கும் உங்கட ட்ரக்குக்கும் அதில வித்தியாசம் இல்லை, பாரம் கூடினதுதான் மிச்சம். இன்னும் சொன்னா நாலு வீல் டிரைவ் ஆளை ஏமாத்தும், டக்கெண்டு எடுபட்டுப் போறதால ரோட்டு எவ்வளவு வழுக்குது எண்டதே பிரேக்கை மிதிக்கும்வரை தெரியாது.

ரெண்டாவது, ஃபக்டரியில இருந்து வாற ரயர். அதைத் தெரிவு செய்யிறது நீங்களும் இல்லை, ஸ்னோவும் இல்லை, ட்ரக் செய்யிற கொம்பனி. அவைக்கு வேண்டியது என்னெண்டா எரிபொருள் கணக்கு நல்லா வரோணும், சத்தம் குறைவா இருக்கோணும், டெஸ்ட் டிரைவில சொகுசா உருளோணும், விலையும் மலிவா முடியோணும். அரசாங்கத்தின்ர எரிபொருள் விதிகள் இருக்கிறதால உருளேக்க குறைவா இழுக்கிற ரயரைத்தான் அவை கேட்டு வாங்குவினம். ஜி.எம் வாகனங்களில ரயரின்ர பக்கச் சுவரில டி.பி.சி எண்டு ஒரு நம்பர் இருக்கும், அது ஜி.எம் தன்ர அளவுக்கு ரயர் கொம்பனியிட்ட கேட்டு வாங்கினதுக்கு அடையாளம், பி.எம்.டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ. அதால கடையில அதே பேர், அதே சைஸ் ரயரைக் கண்டாலும் உள்ளுக்கயும் அதேதான் எண்டு நினைக்கேலாது. நான் அந்த ரயரைக் கூடாது எண்டு சொல்லமாட்டன், ஜூலையில 401 ஹைவேயில அதைப்போல சுகமான ரயர் இல்லை, இப்பவும் கோடையில அதைத்தான் ஓடுறன். ஆனா அது கோடைக்கும் மழைக்கும் கணக்குப் பாத்துச் செய்தது, வின்ரர் அதின்ர கணக்கில கடைசி வரி.

ஏன் எண்டா ரப்பர். 7 பாகைக்குக் கீழ போனவுடன ஓல் சீசன் ரயரின்ர ரப்பர் இறுகத் தொடங்கும், மைனஸ் பத்துப் பதினைஞ்சில கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரி. வின்ரர் ரயரில கலவையே வேற, சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடச் சேர்ப்பினம், இயற்கை ரப்பர் கடும் குளிரிலயும் லேசில விறைக்காது. களுத்துறை, கேகாலைப் பக்கம் வேர்க்க வேர்க்க பால் வெட்டி எடுக்கிற சாமான் இஞ்ச மைனஸ் இருபதில எங்களைக் காப்பாத்துது எண்டது யோசிச்சா வேடிக்கைதான். அதோட அந்த ரயரின்ர பூவில, அதான் ரோட்டில படுற பக்கத்தில, மயிர் மாதிரி ஆயிரக்கணக்கான கீறல் இருக்கும், ஐஸுக்கு மேல வாற அந்த மெல்லிசு தண்ணியை வாங்கி ஒதுக்கி விளிம்பால கடிச்சுப் பிடிக்கிறது அதுதான்.

இனி எல்லாரும் ஏமாறுற இடம். ரயரின்ர பக்கத்தில எம் பிளஸ் எஸ் எண்டு எழுதியிருக்கும், மட் அண்ட் ஸ்னோ, ஸ்னோ எண்டு எழுதியிருக்குத்தானே எண்டு சனம் நம்புது, நானும் நம்பினனான். அது பூவில எவ்வளவு இடைவெளி இருக்கு எண்டதை வைச்சு ரயர் கொம்பனியே போடுற எழுத்து, அதுக்காக ஸ்னோவில ஒருக்காலும் ஓட்டிப் பாத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் தேடவேண்டியது மூண்டு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும் போட்ட சின்னம், 1999 இல வந்தது. அதைப் போடுறதெண்டா இறுகின ஸ்னோவில சோதிச்சு ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கெண்டு வைச்சிருக்கிற ஒரு ரயரை விட 10 வீதம் கூடப் பிடிக்கோணும். அதுவும் எப்பிடிப் பிடிப்பு எண்டா முன்னுக்கு இழுத்துப் போற பிடிப்பு, பிரேக் இல்லை, ஐஸும் இல்லை. அப்ப அந்த மலைச் சின்னம் எண்டது ஆகக் குறைஞ்ச பாஸ் மார்க்ஸ் மாதிரி, அதுக்கு மேல நல்ல ரயரும் இருக்கு சுமாரான ரயரும் இருக்கு.

இதைக் கேட்டுப்போட்டு "அப்ப ஃபக்டரி ரயரைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற போட்டாக் காணும்" எண்டு எங்கட பெடியள் ஓடிப்போய்ப் போடுறது என்ன தெரியுமோ, ஓல் டெரெய்ன், காடு மேடு எல்லாம் ஓடுற ரயர். பூவில பெரிய பெரிய கட்டை, ஆமி வாகனம் மாதிரிப் பாக்க வடிவா இருக்கும், பத்து ப்ளை எண்ட தடிச்ச வகை, உடையாது. என்ர மச்சான் ஒருத்தன் அப்பிடித்தான் போட்டவன். ஆழமான புது ஸ்னோவிலயும் சேத்திலயும் அது தோண்டிக்கொண்டு போகும், பொய் சொல்லேலாது, கொட்டேஜுக்குப் போற மண் ரோட்டில அவன் போவான் நான் நிப்பன். ஆனா நாங்கள் கூட ஓடுறது எங்க, ஸ்னோ தள்ளி, உப்புப் போட்டு, வாகனம் ஓடி ஓடி மினுங்குற சந்தியில. அங்க அந்தப் பெரிய கட்டைக்குப் பிடிக்க ஒண்டும் இல்லை, கீறல் குறைவு, ரப்பரும் கடினம். மலைச் சின்னம் உள்ள ஓல் டெரெய்னும் இப்ப வருது, அது பரவாயில்லை, ஆனா ஐஸில நல்ல வின்ரர் ரயருக்குக் கிட்டவும் வராது. அதோட இன்னொண்டு, சாதாரண பிக்கப்புக்கு எல்.டி எண்டு தொடங்குற பாரமான ரயரைப் போட்டா டிரைவர் கதவில ஒட்டியிருக்கிற காத்து அளவு காணாது, அதே பாரத்தைச் சுமக்க அதுக்குக் கூடக் காத்து வேணும், இதைக் கன கடையில சொல்லுறதில்லை. பெரிய பாரம் இழுக்கிற முக்கால் டன், ஒரு டன் ட்ரக் வைச்சிருக்கிறவைக்கு எல்.டி தான் போடோணும், அது வேற கதை, எல்.டியிலயே வின்ரர் ரயர் இருக்கு.

ஃபின்லாந்தில நோக்கியன் கொம்பனி 1934 இல உலகத்தின்ர முதல் வின்ரர் ரயரைச் செய்தது லொறிக்குத்தான், காருக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வந்தது. பாரம் ஏத்திற வாகனத்துக்குத்தான் முதல்ல தேவைப்பட்டிருக்கு. இப்ப எங்கட ஆக்கள் மனிசியின்ர காருக்கு வின்ரர் ரயர் போட்டுப்போட்டு ட்ரக்குக்குத் தேவையில்லை எண்டுகினம், தலைகீழா இருக்கு.

நான் செய்தது சொல்லுறன். என்ர ட்ரக் வந்தது 20 இன்ச் ரிம்மில, 275/55. அந்த சைஸில வின்ரர் ரயர் விலை கண்ணைக் கட்டும். அதே ட்ரக்கின்ர சின்ன மொடலுக்கு 18 இன்ச், 275/65 வருது, மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால வேகம் காட்டுறதிலயும் பிசகில்லை. பாவிச்ச ரிம் நாலு வாங்கி அதில வின்ரர் ரயரைப் போட்டு வைச்சிட்டன், பக்கச் சுவர் உயரம் எண்டதால மார்ச்சில வாற பள்ளங்களுக்கும் நல்லது. பிரேக் பெருசா உள்ள சில மொடலுக்குச் சின்ன ரிம் ஏறாது, கேட்டுப் போட்டு வாங்குங்கோ. நாலும் போடோணும், ரெண்டு போட்டா மற்றப் பக்கம் தன்ர பாட்டில சுத்திக்கொண்டு வரும். எல்லாமாச் சேத்து ரெண்டாயிரம் டொலருக்குக் கிட்ட வந்தது, மனிசி ஒரு கிழமை முகம் தரேல்லை. ஆனா அந்த நாலும் ஓடேக்க கோடை ரயர் சும்மா கிடக்குது, அது தேயிறதில்லை, அப்பிடிப் பாத்தா செலவு பாதிதான் எண்டு நான் சொல்லுறன், அவ இன்னும் ஏற்கேல்லை.

அடுத்த வின்ரரில வேணுமெண்டே அதே இறக்கத்தில, ராத்திரி பதினொரு மணிக்கு, ஒருத்தரும் இல்லாத நேரம் மிதிச்சுப் பாத்தனான். கோட்டுக்கு முன்னால நிண்டுது. அதுக்காக கண்ணாடி மாதிரி உறைஞ்ச மழையில எந்த ரயரும் தெய்வம் இல்லை, அண்டைக்கு வீட்டிலதான் இருக்கிறனான். வெறும் பெட்டியோட வரேக்க பின் சில்லுக்கு நேர மேல மணல் மூட்டை நாலு போட்டுக் கட்டிவிடுறன், கட்டாட்டி பிரேக் போடேக்க முன்னுக்கு வரும், கவனம்.

சட்டம் எண்டு பாத்தா கியூபெக்கில பதிஞ்ச வாகனத்துக்கு டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், 2008 இல கொண்டு வந்தவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில மலை ரோட்டுகளுக்கு ஒக்டோபர் 1 இல இருந்து வேணும், அங்க எம் பிளஸ் எஸ்ஸையும் ஏற்கினம், எனக்கு அது சரியாப் படேல்லை. ஒன்ராறியோவில கட்டாயம் இல்லை, ஆனா 2016 இல இருந்து வின்ரர் ரயர் போட்டவைக்கு இன்சூரன்ஸ் கொம்பனி கழிவு குடுக்கத்தான் வேணும், அவையா போன் எடுத்துச் சொல்லமாட்டினம், ரசீதை வைச்சுக்கொண்டு நீங்கள்தான் கேக்கோணும்.

டவுனுக்குள்ள மட்டும் ஓடுறவர் எண்டா ஓல் வெதர் எண்டு ஒண்டு இருக்கு, ஓல் சீசன் இல்லை, பேர் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் கேக்கும், இதில மலைச் சின்னம் இருக்கும், வருசம் முழுக்கக் கழட்டாம ஓடலாம். வடக்க போறவைக்கு நான் சொல்லமாட்டன். பாவிச்ச வின்ரர் ரயர் வாங்கிறதெண்டா பூ 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேஞ்சிருந்தா விடுங்கோ, பக்கத்தில டொட் எண்டு தொடங்குற தயாரிப்பு நம்பரின்ர கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கோ, 3517 எண்டா 2017 ஆம் ஆண்டு 35 ஆவது கிழமை செய்தது, பழசு. காத்தும் அப்பப்ப பாக்கோணும், 5, 6 பாகை குளிர் கூடினா காத்து அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ இறங்கும்.

அந்த வாசகர் இதை வாசிச்சா நவம்பர் முதல் கிழமைக்குள்ள கடையில நேரம் எடுக்கச் சொல்லுங்கோ, முதல் ஸ்னோ விழுந்த அண்டைக்கு எல்லாச் சனமும் வரிசையில நிக்கும். அதோட ஆசிரியர் ஐயா, அவற்ற கேள்வி வந்த அதே பக்கத்துக்குப் பின்பக்கம் ஒரு ரயர் கடை விளம்பரம், "ஸ்னோ ரயர் மலிவு விற்பனை" எண்டு பெரிய எழுத்தில, பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனான், படத்தில இருக்கிற ரயரில எம் பிளஸ் எஸ் மட்டும்தான் இருக்கு, மலையைக் காணேல்லை.

இப்படிக்கு,
ட்ரக் ஓடுற டைல்ஸ்காரன்,
ஸ்காபரோ