அலமாரியில் இருந்தால் பிடித்த நூலா?

ஆசிரியருக்கு,

சர்வாதிகாரிகளின் 'விருப்ப நூல்கள்' பட்டியலில் அலமாரியில் கிடந்ததையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். ஹிட்லரின் நூல்களில் சுமார் 1,200 வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றில் பல, அபிமானிகள் கையெழுத்திட்டு அனுப்பிய அன்பளிப்புகள். அவர் புரட்டியதற்கே தடயம் இல்லை. முன்பக்கத்தில் யார் கையெழுத்து, அச்சகத்திலிருந்து ஒட்டியபடி வந்த தாள்கள் வெட்டிப் பிரிக்கப்பட்டனவா, ஓரத்தில் கோடு உண்டா, அந்தக் கோடு யார் போட்டது என்றெல்லாம் பார்க்காமல் 'பிடித்தது' என்று எழுதக் கூடாது.

ஸ்டாலின் விஷயம் சற்று எளிது. ஏறத்தாழ 25,000 நூல்களில், அவருடைய வண்ணப் பென்சில் குறிப்புகளோடு 400 போல மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருக்கின்றன. லெனினின் நூல்கள் இருப்பதில் வியப்பில்லை. பரம எதிரி டிராட்ஸ்கியின் 'பயங்கரவாதமும் கம்யூனிசமும்' நூலின் ஓரங்களிலும் ஆமோதிப்புக் குறிப்புகள்!

படங்களுக்கு இப்படிக் கோடு கிடைக்காது, நாட்குறிப்புதான் கதி. 1937 கிறிஸ்துமசுக்கு ஹிட்லருக்கு மிக்கி மவுஸ் படங்கள் கொடுத்ததை அவருடைய பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அப்போதே குறித்துவைத்தார். ஸ்டாலினுக்கு 1938-இல் வந்த 'வோல்கா-வோல்கா' என்ற சோவியத் நகைச்சுவைப் படம் மிகப் பிடிக்கும் என்பதோ, பெரும்பாலும் பிற்கால நினைவுக் குறிப்புகளில் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

— ஒரு வாசகர்