வானுக்குள் வீடு: கட்டிலுக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு,

இளைப்பாறிய கணவனும் மனைவியும் பழைய ஹையேஸ் வானுக்குள் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் பூட்டிக்கொண்டு சோளகக் காலத்தில் (தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்) நாடு சுற்றப் புறப்படுவது இப்போது யாழ்ப்பாணத்திலும் காதில் விழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அநேகமான வான்களில் காசு முழுவதும் தச்சு வேலைக்கும் குஷனுக்கும் போய்விடுகிறது. வயருக்கும் பிறேக்குக்கும் மிஞ்சிய சில்லறைதான். வாகன மின்வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பாரம். 18 மி.மீ. பிளைவூட் எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நாலு தகடு வெட்டினால் இரண்டு பேர் ஏறியிருக்கிற மாதிரி. 12 மி.மீ. தாராளமாகப் போதும். 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ. அந்தத் தாங்கியைப் பின்கதவோடு வைக்கிறார்கள், அது பிழை. பின்அச்சுக்குப் பின்னால் தொங்குகிற பாரம் முன்சில்லைத் தூக்கும், ஸ்ரியறிங் லேசாகிவிடும். தாங்கி அச்சுக்குக் கிட்ட, தரையோடு இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் லொறி நிறுக்கிற தராசில் முன்அச்சையும் பின்அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. முற்றத்தில் நின்ற வானின் ரயரில் பூ தேயாது, றப்பர்தான் வெயிலில் செத்துப்போகும்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொற் 3 என்ற வகை பிறேக் எண்ணெய் புதிதில் 205 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது பிறேக்கைத் தொடர்ந்து மிதித்தால் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

அதிகம் பிழைக்கிற இடம் மின்சாரம். ஒரு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள். நம்முடைய வெக்கையில் 12 வோல்ற் பிரிட்ஜ் 500 வொற்-மணி கேட்கும். இரவு முழுக்க ஓடுகிற சின்ன பான் 200. லைற், போன் 50. மொத்தம் 750. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில், 12 வோல்றில், 1200 வொற்-மணி இருக்கும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. விடியுமுன் பிரிட்ஜ் நின்றுவிடும். உள்ளே இன்சுலின் இருந்தால் இது விளையாட்டல்ல. (இன்சுலினை உறைகிற தட்டோடு முட்டவும் வைக்கக்கூடாது. ஒருமுறை உறைந்தால் எறிய வேண்டியதுதான்.) இரண்டு பற்றரி வேண்டும், அதுவும் ஆழமாக இறங்கி ஏறக்கூடிய வகை. விலை குறைவென்று கார் ஸ்ராட் பண்ணுகிற பற்றரியைப் போட்டால் சில மாதத்தில் தகடு போய்விடும். றைஸ் குக்கரை மறந்துவிடுங்கள்: 700 வொற் குக்கர் இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் பெட்டி) வழியாக 65 அம்பியர் இழுக்கும். சோற்றைக் காஸில் வையுங்கள்.

“ஓடும்போது எஞ்சின் சார்ஜ் பண்ணும்தானே” என்பார்கள். பண்ணும், வயர் தடிப்பாக இருந்தால். முன்னால் உள்ள எஞ்சின் பற்றரியிலிருந்து பின்னால் உள்ள பிரிட்ஜ் பற்றரிக்கு 5 மீற்றர், திரும்பி வர 5 மீற்றர். 4 சதுர மி.மீ. வயரில் 30 அம்பியர் ஓடினால் 1.3 வோல்ற் வழியிலேயே தொலையும். எஞ்சின் தருகிற 14.2 பின்பற்றரிக்கு 12.9 ஆகத்தான் போய்ச் சேரும், அது ஒருநாளும் நிறையாது. 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3தான். இரு முனையிலும் பற்றரி இருப்பதால் பியூஸும் இரு முனையிலும், பற்றரிக்குக் கிட்டவே வேண்டும். கூரைச் சூரியத் தகடு 100 வொற் என்றால் நல்ல வெயிலில் நாளுக்கு 400 வொற்-மணி தரும். வேப்பமர நிழலில் விட்டால் வானுக்குள் குளிர்மை, தகட்டில் ஒன்றுமில்லை. எது வேண்டுமென்று ஒவ்வொரு மத்தியானமும் தீர்மானிக்க வேண்டியதுதான்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில் தேங்கும். 5 கிலோ சிலிண்டர் போதும். அதை நிமிர்த்தி, உள்ளறையோடு தொடர்பில்லாத பெட்டிக்குள், அடித்தட்டில் வெளியே திறக்கும் துவாரத்தோடு வையுங்கள். ஓடும்போது வால்வைப் பூட்டுங்கள். குலுக்கத்தில் காஸ் குழாயின் கிளிப் தளரும். சவர்க்கார நுரை பூசிப் பார்க்க ஒரு நிமிடம் செல்லாது.

போகிற பாதை என்றால், சோளகத்தில் மலைநாடும் மேற்கும் மழையில் நிற்கும், கிழக்குக் கரை காய்ந்திருக்கும். வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, வாகரை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கலாம். புத்தலையிலிருந்து கதிர்காமம் போகும் வீதியில் யானை மறித்துப் பழமெடுத்துப் பழகியிருக்கிறது. பழுத்த வாழைப்பழ மணத்தோடு அங்கே போக வேண்டாம், இருட்டிய பிறகு போகவே வேண்டாம்.

கடைசியாகக் கழிவு. சின்ன மலசலகூடத்தின் 20 லீற்றர் பெட்டி இருவருக்கு இரண்டு மூன்று நாள். அதற்குள் ஊற்றும் நீல மருந்துகள் சிலவற்றில் போமலின் உண்டு. அது மலக்குழியில் கழிவைச் சமிக்க வைக்கிற கிருமிகளையே கொல்லும். திரும்பி வந்து வளவில் கிடங்கு வெட்டி ஊற்றுவது அதைவிட மோசம். குடாநாட்டில் மண் சொற்ப ஆழம், கீழே வெடிப்பு விழுந்த சுண்ணக்கல். ஊற்றியது பக்கத்து வளவுக் கிணற்றுக்குத்தான் போகும். அந்தக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடிப்போயிருக்கிறது. சலத்தைத் தனியே பிரித்து, மற்றதைத் தும்புத்தூளால் மூடுகிற வகை மலசலகூடம் எங்கள் ஊருக்கு நல்லது. மருந்தும் வேண்டாம், மணமும் குறைவு.

உள்ளூராட்சிச் சபைகள் ஏ9 வழியில் ஓரிரு இடத்திலாவது கழிவு ஊற்ற ஒழுங்கு செய்யலாம். சரிவாக வார்த்த ஒரு கொங்கிறீற் தளம், மூடியுள்ள 4 அங்குலக் குழாய், அடியும் சுவரும் பூசிய தொட்டி, கலி பவுசர் (கழிவை உறிஞ்சி ஏற்றும் லொறி) வந்துபோக வழி. குடிதண்ணீர்ப் பைப்பை மட்டும் அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒருவர் கழிவுப் பெட்டி கழுவிய ஹோஸை அடுத்தவர் தன் தண்ணீர்த் தாங்கிக்குள் விடுவார்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்வோர் இருவர்,
கோண்டாவில்.