மழைக்கு முன் எல்லாரும் படிக்க: தேவைப் பட்டியல் இனி குழுவில் வேண்டாம்

வணக்கம். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது செய்த தவறை இந்த மழைக்கும் செய்ய வேண்டாம். அன்று ஒரே செய்தி குழுவில் திரும்பத் திரும்பச் சுற்றியதில் ஒரு தெருவுக்கு 3 வண்டி சாப்பாடு போனது, அடுத்த தெருவில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா ராத்திரி வரை பால் பவுடருக்குக் காத்திருந்தார். எனக்கு அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

இனி எந்தத் தேவையானாலும் கோபோ (போனில் விவரம் சேகரிக்கும் செயலி) படிவத்தில் மட்டும் போடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் நிரப்பி வைக்கலாம், நெட் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். லொகேஷனை வீட்டு வாசலில் நின்று எடுங்கள், வண்டியில் போய்க்கொண்டே எடுத்தால் புள்ளி வேறு தெருவில் விழும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் மீட்புக் குழுக்களுக்குக் கைகொடுத்தது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் வரைந்த தெருக்கள்தான், நம் சந்து அதில் விட்டுப்போயிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஆதார், ரேஷன் கார்டு போட்டோவைக் குழுவில் போடவே கூடாது. வீட்டில் எத்தனை பேர், என்ன வேண்டும், தினசரி மருந்து உண்டா, இவ்வளவு போதும், அதையும் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பொருள் கொடுத்ததும் ‘முடிந்தது’ என்று குறியுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் படிவமெல்லாம் பிறகு, முதலில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்குக் காட்பாடியில் பயிற்சி, போனில் முழு சார்ஜ் இருக்கட்டும்.