வரலாறு படிக்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள கார்த்தி,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுப்படியில் குக்கர், பக்கத்தில் உன் அப்பா, "நாற்பது வயசுக்கு மேல உனக்கு எதுக்குடா பரீட்சை" என்று குறுக்கே பேசிக்கொண்டு. அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் விட்டுவிடுவாய் என்று மெயில்.

வரலாறு படிக்க ஆசை, ஆனால் காசு கட்டிச் சேரணுமா, யூடியூபில் எல்லாமே இருக்கிறதே என்றாய். இருக்கிறதுதான். நானும் சாயங்காலம் காய் நறுக்கும்போது கேட்கிறேன், நல்லதாகவே சிலது இருக்கிறது. ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதே. கேட்டு முடித்த பிறகு யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்பதில்லை, நீ தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறாய், ஒரு மாசம் கழித்து அதில் என்ன சொன்னார்கள் என்றால் அந்த ஆளின் குரல்தான் ஞாபகம் வரும்.

நான் தபால் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனதும் முதலில் சேர்ந்தது ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் படிப்புத் தளத்தில், ஐஐடிக்காரர்கள் நடத்தும் என்பிடெல் பாடம். சேரக் காசு இல்லை, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் காசு, நான் எழுதியபோது ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு வாரம், வாரா வாரம் வீடியோ, வாரா வாரம் ஒரு அசைன்மென்ட், அதில் நல்ல எட்டை எடுத்துக்கொண்டு 25 மார்க், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. பரீட்சை ஒரு இன்ஜினியரிங் காலேஜில். வாசலில் இருந்த செக்யூரிட்டி தம்பி, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்த மரத்தடியில் உட்காருங்கம்மா" என்றான். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கெடு வைத்துப் படிக்கும் பழக்கம் அதில்தான் எனக்குத் திரும்ப வந்தது, அந்த அளவுக்கு அதை மெச்சுவேன். ஆனால் வாராவாரம் வந்த அசைன்மென்ட் முழுக்க நாலு விடையில் ஒன்றைத் தொடும் கேள்விகள். கணக்குக்கு, கம்ப்யூட்டருக்கு அது சரிப்படலாம். வரலாற்றை அப்படிப் படித்தால் வருஷமும் பேரும்தான் மிஞ்சும், நீ பத்தாவதில் வெறுத்த அதே சமாச்சாரம்.

நம்ம உத்திரமேரூரையே எடுத்துக்கொள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, குடவோலை, சோழர் கால ஜனநாயகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நாலு விடைக் கேள்வியில் "குடவோலை எந்த ஊர்" என்று வரும், தொட்டுவிட்டுப் போய்விடலாம். அப்புறம் நான் இக்னோவில், அதான் தபால் வழியில் படிக்கும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. சேர்ந்த பிறகு, அசைன்மென்ட் எழுதுகிற சாக்கில், அந்தக் கல்வெட்டின் வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக உட்கார்ந்தேன். கல்வெட்டு ஒன்று இல்லை, இரண்டு. பராந்தக சோழன் காலத்தில் 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் ஊர்ச் சபையின் வாரியத்துக்கு, இன்றைக்குச் சொன்னால் கமிட்டிக்கு, வருகிறவனுக்கு வயசு 30க்கு மேல் 60க்குள், இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டே வருஷத்தில் ஏன் மாற்றினார்கள்? முதல் ஏற்பாட்டில் எங்கேயோ இடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அரசனின் அதிகாரி கூட இருந்துதான் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் சபை தன்னிஷ்டத்துக்கு நடந்ததா இல்லையா என்று அடுத்த கேள்வி கிளம்புகிறது.

இன்னும் உள்ளே போ. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையனைக் கைவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இது ஓட்டு இல்லையப்பா, சீட்டுக் குலுக்கல். குடத்தில் பேர் விழுவதற்கே கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரை) சொல்லித்தரத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை வேறு. அது பிராமணர்களின் சபை, அதில் உழுதவனுக்கும் இடமில்லை, எந்தப் பொம்பளைக்கும் இடமில்லை. அதே சமயம், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனையும், அவனுடைய சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள் பார், அதை நான் ரசித்துப் படித்தேன். இன்றைக்கு இதைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்!

இதையெல்லாம் ஜனநாயகம் எனலாமா கூடாதா என்று பக்கம் பக்கமாக எழுதும்போதுதான் எனக்கே என் கருத்து என்னவென்று தெரிந்தது. ஆங்கிலத்தில் எழுதணும், அது சிரமம்தான், ஆபீசில் எழுதிய ஆங்கிலம் வேறு. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு வாத்தியார் அதைப் படிக்கிறார், மார்க் போடுகிறார், அதற்காகவே ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று நானே ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன்.

அதனால் நீ எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும் முதலில் ஒன்றைப் பார்: உன்னை எழுத வைக்கிறார்களா, எழுதியதை ஒரு மனுஷர் படித்துத் திருத்துகிறாரா. பேராசிரியர் எவ்வளவு பெரிய ஆள், தளம் எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் அப்புறம். நீ இருக்கும் பிரிட்டனிலேயே ஓப்பன் யுனிவர்சிட்டி இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்களுக்காகவே 1969இல் ஆரம்பித்தது, 1971இலிருந்து பாடம் நடத்துகிறார்கள், அந்தக் காலத்தில் பிபிசி டிவியிலேயே வகுப்பு ஓடியது. பெரும்பாலான பாடங்களுக்கு முன்தகுதி கேட்பதில்லை, ட்யூட்டர் திருத்தித் தரும் கட்டுரைகள்தான் படிப்பின் முதுகெலும்பு. உடனே காசு கட்டாதே. அவர்களுடைய ஓப்பன்லேர்ன் தளத்தில் இலவசமாகச் சின்னச் சின்ன வரலாற்றுப் பாடங்கள் இருக்கின்றன, ஒன்றை முடித்துப் பார். அதையே முடிக்க முடியவில்லையென்றால் பணமாவது தப்பித்தது.

அங்கே முழு டிகிரிக்கு 360 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளி), வருஷத்துக்கு 60 எடுத்தால் ஆறு வருஷம். அறுபது கிரெடிட் என்றால் வாரத்துக்குப் பதினாறு, பதினெட்டு மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கை மீனாவிடம் சேருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. சனிக்கிழமை குழந்தையை நீச்சலுக்குக் கூட்டிப்போவது யார், சமையல் யார் என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டு ஃபார்மைத் திற. அவளுக்குத் தெரியாமல் சேர்ந்துவிட்டு, பிறகு அம்மாதான் சொன்னாள் என்று என் தலையில் கட்டாதே.

அன்புடன்,
அம்மா